போனிடம் கேட்டது யார்

ஜூன் 10, செவ்வாய்

சொல்வது நான், வெள்ளப்பாண்டி. எழுதுவது சைலப்பன். எனக்கு எழுத்து தெரியாது, கைநாட்டு. சைலப்பன் அம்பாசமுத்திரத்தில் பத்திர ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் மேஜை போட்டு இத்தனை காலமும் பத்திரம் எழுதி வருகிறவர். நான் ஆட்டு வியாபாரியாக இருந்தவன். அவரிடம் எழுதக் கொடுத்ததைவிட வம்பு பேசியதுதான் அதிகம்.

இந்த நோட்டு என் ஆசை இல்லை. போன மாசம் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தேன். இதயம் சரியாக இறைக்கவில்லை, உடம்பில் நீர் கோக்கிறது என்று டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். எடை, கால் வீக்கம், மூச்சு மூன்றையும் தினமும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். மருமகள் செண்பகத்தையே எழுதச் சொல்லலாம். அவள் எழுதினால் நடுநடுவே எனக்குப் புத்திமதியும் எழுதுவாள். அதனால்தான் சைலப்பன்.

எடை நேற்றுப் போல. வீக்கம் இல்லை. மூச்சு பரவாயில்லை.

இன்று காலை குளிக்கையில் இடது மார்க்காம்புக்குக் கீழே விரலில் ஒன்று தட்டியது. புளியங்கொட்டை அளவு. அமுக்கினால் வலிக்கிறது. இதைச் சொன்னதும் சைலப்பன் பேனாவை மூடிவிட்டார்.

"இத டாக்டர்ட்டல்லாவே சொல்லணும். எங்கிட்ட சொன்னா நான் என்ன, பத்திரம் பதியவா?"

"சொல்லுதேன். என்ன ஏதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு சொல்லுதேன். நீரு வெளிய விட்டீருன்னா உம்ம மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

வீட்டில் ஒரு போன் இருக்கிறது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் ஆவுடையப்பன், தன் பழைய போனை அப்படியே கொடுத்துவிட்டுப் போனான். செண்பகத்தின் போன் உடைந்ததிலிருந்து அவள், நான், என் வீட்டுக்காரி பேச்சித்தாய், மூவருக்கும் அது ஒன்றுதான். மைக் படத்தை அமுக்கிக் கேட்டால் பதில் பேசும் என்று செண்பகம் காட்டிக் கொடுத்திருந்தாள். பின்கட்டுக்குக் கொண்டுபோய் அமுக்கி, "மார்ல கட்டி இருக்கு, என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"தோழிகளே, வணக்கம்" என்றது.

ஜூன் 11, புதன்

எடை, வீக்கம், மூச்சு நேற்றுப் போல.

ஆம்பளைக்கு என்று சேர்த்துக் கேட்டேன். சட்டை போடாத ஒரு பையன் வந்தான். நெஞ்சு அகலமாக வேண்டுமா அண்ணாச்சி என்று கேட்டுத் தரையில் படுத்துத் தண்டால் எடுத்தான். எழுபத்தாறு வயசில் எனக்கு நெஞ்சு அகலமாகி யாரை மறிக்கப் போகிறேன்?

ஜூன் 13, வெள்ளி

என் தொல்லை என்னவென்றால், காதில் விழுந்தது மறக்காது. நான் வியாபாரத்துக்கு வந்த புதிதில் கடையம் சந்தையில் எந்தக் கிடா யார் கைக்குப் போனது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். மற்றவர்கள் ஒரு வீடியோ பார்க்கிறார்கள், அடுத்ததைத் தள்ளுகிறார்கள், முந்தியதை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அத்தனையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கறுப்புச் சட்டை வைத்தியர் ஒருவர், கட்டிக்கு ஆமணக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய் என்றார். அதே ஆள் வெள்ளைச் சட்டையில் வந்து, எந்தக் கட்டியிலும் எண்ணெய் மட்டும் படவே கூடாது என்றார். சட்டைக்கு ஒரு வைத்தியமா? ஒரு அம்மாள், இந்த ஐந்து அறிகுறி இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள் என்று மிரட்டினாள். மூன்று சொல்லி முடித்ததும் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. விளம்பரம் போனதும் வேறொருத்தி வந்து முடி கொட்டுவதைப் பற்றிப் பேசுகிறாள். மிச்சம் இரண்டு என்ன? நான் யாரிடம் போய்க் கேட்க?

ஆமணக்கெண்ணெய் தேய்த்தேன். பேச்சித்தாய் கிட்டே வந்து மோந்து பார்த்தாள்.

"என்ன எண்ணெ வாட?"

"முட்டிக்கு."

"முட்டிக்குப் போட்ட எண்ணெ கழுத்துலயா மணக்கும்?"

சைலப்பன் இன்றும் டாக்டர் டாக்டர் என்று பிடுங்கினார். அந்த டாக்டரம்மா என் பேத்தி வயசுப் பிள்ளை. போகும்போதெல்லாம் செண்பகம் கூடவே நிற்பாள். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு நடுவில் சட்டையைக் கழற்றி, மார்பில் கட்டி என்று எப்படிச் சொல்வது? சந்தையில் முன்பு ஒருத்தருக்கு ஒரு பக்க மார் பெருத்திருந்தது. சந்தை முழுக்க அவருக்கு அக்கா என்றே பேர். அவர் செத்த அன்றைக்குக்கூட, அக்கா போயிட்டாராம் என்றுதான் தகவல் வந்தது.

"இதயுமா எழுதணும்?" என்றார் சைலப்பன்.

எழுதும்.

ஜூன் 14, சனி

எல்லாம் நேற்றுப் போல. கட்டியும் நேற்றுப் போல.

ஜூன் 17, செவ்வாய்

எடை, வீக்கம், மூச்சில் மாற்றம் இல்லை. வீட்டில்தான் மாற்றம்.

நான் கேட்டு முடித்துவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன். அது வைத்துக்கொள்வதில்லை. பேச்சித்தாய் கோலம் பார்க்கத் திறந்தால் மார்புக் கட்டி. செண்பகம் சட்னி பார்க்கத் திறந்தால் மார்புக் கட்டி. நான் கேட்டதை அது ஞாபகம் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பரிமாறும் என்று யாராவது எனக்குச் சொன்னார்களா?

அந்த வீடியோவைத் தேடியது செண்பகம் என்று பேச்சித்தாய் நினைக்கிறாள். தேடியது அத்தை என்று செண்பகம் நினைக்கிறாள். ஒருத்தியை ஒருத்தி கேட்கவும் மாட்டாள். மாமியார் குடத்தைத் தூக்கப் போனால் மருமகள் ஓடிவந்து பிடுங்குகிறாள். மருமகள் துணி துவைக்க உட்கார்ந்தால், "நீ எந்தி தாயி, நான் கசக்குதேன்" என்கிறாள் மாமியார். மீன் குழம்பில் நடுத்துண்டு இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக நாலு தடவை போய் வந்தது. செண்பகம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் பார்க்காத ஒற்றுமை. எனக்கு வால்துண்டு.

"சிரிக்காதேயும்வே" என்றேன் சைலப்பனிடம். "நீர்தான் சிரிக்கீரு" என்றார். நான் சிரிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று போன் முதல்தடவையாக ஒழுங்காகப் பேசியது. கண்ணாடி போட்ட ஒரு டாக்டர். அவசரம் இல்லாத குரல். இதய நோய்க்குக் கொடுக்கும் நீர் மாத்திரைகளில் ஒரு வகை, சில ஆண்களுக்கு மார்பில் வீக்கத்தையும் கட்டியையும் கொண்டுவரும் என்றார். கடைசியில் என்னைப் போல் ஒரு ஆம்பளை இருக்கிறான் என்று ஒருத்தர் சொன்னார்.

அப்புறம் சொன்னார்: "அந்த மாத்திரையின் பெயர் திரையில் வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்."

வாயில் என்ன வைத்திருந்தார் அந்த மனுஷன்? இவ்வளவு பேசினவருக்கு அந்த ஒரு பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லையா? திருப்பித் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறார், எழுத்து வந்து நிற்கிறது. எனக்கு நீர் மாத்திரை இரண்டு: மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. செண்பகத்திடம் படிக்கச் சொன்னால் எதற்கு என்பாள்.

"எங்கிட்ட கொண்டாரும், நான் படிக்கேன்" என்றார் சைலப்பன்.

"வேண்டாம். இனிமே மாத்திரையப் பத்தி இதுல ஒண்ணும் எழுத வேண்டாம்."

"ஏன்வே?"

"எழுத வேண்டாம்னா வேண்டாம்."

ஜூன் 22, ஞாயிறு

எடை பார்க்கவில்லை, மெஷினில் ஏதோ கோளாறு. கூட்டிக் காட்டுகிறது. வீக்கம் இல்லை.

மத்தியானம் ஆவுடையப்பன் பேசினான். போனை எல்லார் காதிலும் விழும்படி வைக்கச் சொன்னான்.

"எம்மா, அந்த போன்ல இருக்கது என் கணக்கு. அங்க யாரு எதக் கேட்டாலும் எனக்கு இங்க அதே வருது. பத்து நாளா போனத் தொறந்தா மார்புக் கட்டி, மார்புக் கட்டின்னே வருது. ரூம்ல கூட இருக்கவனெல்லாம் என்னப் பாவமாப் பாக்கான். யாருக்கும்மா? மறைக்காதிய."

"எனக்கில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் பேச்சித்தாய் செண்பகத்தைப் பார்த்தாள்.

"எனக்கும் இல்லங்க" என்று சொல்லிவிட்டுச் செண்பகம் அத்தையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் இல்லன்னா போன் தானா கேட்டுக்கிடுதா?"

எனக்குப் பேச வாய் வந்தது. நிஜமாக வந்தது. அதற்குள் அவன், "எப்பா, நீங்களாவது கேட்டுச் சொல்லக் கூடாதா? வீட்டுல ஒரு ஆம்பள நீங்கதான இருக்கிய?" என்றான்.

வந்த வாய் போய்விட்டது.

செவ்வாயன்று இரண்டு பேரும் பாளையங்கோட்டைக்குப் போய் மார்பைப் படம் எடுக்க வேண்டும் என்று முடிவானது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று சைலப்பன் வீட்டுக்கு வந்து எழுதுகிறார். வெயில் அதிகம் என்பதால் நான் கடைக்குப் போகவில்லை. காலையிலேயே வெயில்.

வீக்கம் இல்லை. ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். கட்டில் கிறீச்சிடுகிறது.

அவர்கள் இருட்டுகிறதற்கு முன் திரும்பி வந்தார்கள். பேச்சித்தாய் சேலைகூட மாற்றாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"முன்னால தொறந்து கெடக்க மாதிரி ஒரு அங்கியக் குடுத்தா. ரெண்டு பலகைக்கு நடுவுல மார வச்சு அமுக்குதா. பலக சில்லுன்னு இருக்கு. மூச்சப் புடிங்கம்மாங்கா. நான் பிள்ள பெத்தப்பக்கூட இப்படிக் கூசல."

"சரி, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கல்லா?"

"நாளன்னைக்குத்தான் ரிசல்ட்டாம்" என்றவள், போகிற போக்கில், "செண்பகத்துக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. இருந்தா எனக்கு இருக்கட்டும்" என்றாள்.

சைலப்பன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

ஜூன் 25, புதன்

வீக்கம் இல்லை. செருப்புதான் சுருங்கிவிட்டது. மழையில் நனைந்த செருப்பு.

"மழை எங்கவே பேஞ்சுது?" என்கிறார் சைலப்பன். பத்திரம் எழுதுகிறவர் சொன்னதை எழுத வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

செண்பகத்துக்கு ஒன்றும் இல்லை. பேச்சித்தாய்க்கு மட்டும் படத்தில் சின்ன நிழல் ஒன்று தெரிகிறதாம். பயப்பட ஏதுமில்லை, பழைய கொழுப்பு முடிச்சு, ஆறு மாசம் கழித்து வந்து காட்டினால் போதும் என்று அங்கிருந்த டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

சொன்னதோடு நிற்கிறதா காலம்? செண்பகம் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து மஸ்கட்டுக்கு அனுப்பினாள். அவன் அதில் இருக்கிற ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாகப் போனில் போட்டுத் தேடியிருக்கிறான். டாக்டர் பேச்சில் காலையில் கொழுப்பாக இருந்தது, மகன் பேச்சில் சாயங்காலம் வேறாகிவிட்டது. அம்மாதான் தேடியிருக்கிறாள், வலி இல்லாமலா தேடுவாள் என்கிறான். திருநெல்வேலியில் வேறொரு ஆஸ்பத்திரியில் பேசி, திங்கட்கிழமை அந்த முடிச்சை அறுத்து எடுக்க நாள் குறித்துவிட்டான்.

"பிள்ள பயப்படுதான். எடுத்துட்டாத்தான் என்ன?" என்கிறாள் பேச்சித்தாய். இன்று முழுக்கச் செண்பகத்துக்கு என் சாப்பாட்டு முறையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "உப்பு கேப்பாரு, குடுக்காத. கத்துவாரு, கத்தட்டும்."

அவள் உள்ளே போனதும் சைலப்பன் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"வே, உம்ம கட்டிக்கு அவளப் போயி அறுக்கப் போறாங்க."

பேசினால் மூச்சு வாங்குகிறது. வெக்கை.

ஜூலை 2, புதன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொல்கிறேன். சைலப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறார். இப்போது மூச்சு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சித்தாய் மறுநாளுக்குப் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். புதுத்துணி ஒன்றும் எடுக்கவில்லை, கிழிசலாகத் தேடி எடுத்தாள். ரத்தம் பட்டால் போகட்டும் என்றுதான்.

"ஏட்டி, பையக் கீழ வை."

"ஏன்?"

"போன்ல கேட்டது நீயா?"

"நான் எங்க கேட்டேன்? நீங்களும் நம்பலையா?"

"நான்தான் கேட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். மூன்று பொத்தான் கழற்றுவதற்குள் ஓடிவந்த ஆள் மாதிரி இரைத்தது. அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். புளியங்கொட்டை இப்போது நெல்லிக்காயாகியிருந்தது. விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். அழவில்லை.

"நான் அங்க போயி அங்கியத் தொறந்துக்கிட்டு நின்னேனே, அன்னைக்கும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருந்துச்சு" என்று அவளும் சொன்னாள். அப்புறம் அவள் கண் என் காலுக்குப் போனது. குனிந்து கட்டைவிரலால் அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "இது என்ன காலு? மாத்திர போடுதியளா இல்லியா? ஏ செண்பகம், ஆட்டோவக் கூப்புடு!"

வழி நெடுக அவள் என்னைத் திட்டிய திட்டு ஒன்றும் மறக்கவில்லை. மறக்காது. சைலப்பன் எழுத மாட்டேன் என்கிறார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, "ஆச்சி, அவருக்கு மூச்சு வரட்டும், அப்புறம் திட்டுங்க" என்றார்.

ஊசி போட்டு நீரை இறக்கின பிறகு டாக்டரம்மா வந்தார்.

"எந்த மாத்திரைய நிறுத்தினீங்க தாத்தா?"

"மஞ்சளும் வெள்ளையும்."

"ரெண்டுமா? ஏன்?"

"ஒரு மாத்திரையால மார்ல கட்டி வரும்னு போன்ல சொன்னாரு. எந்த மாத்திரைன்னு எழுதிப் போட்டாரு. எனக்குத்தான் படிக்கத் தெரியாதுல்லா. எதுக்கு வம்புன்னு ரெண்டயும்."

டாக்டரம்மா என் மருந்துச் சீட்டைப் புரட்டினார். பிறகு, "அவர் சொன்னது சரிதான். அதுல ஒண்ணு அப்படிச் செய்யும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே அத மாத்தி வேற குடுத்திருப்பேன். நீங்க உங்க உயிரைப் பிடிச்சு வச்சிருந்த மாத்திரையையும் சேத்து நிறுத்திட்டீங்க" என்றார். செண்பகம் பக்கத்தில்தான் நின்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"அப்ப இது அந்த மாத்திரதானா?"

"பாக்காம நான் சொல்ல மாட்டேன். ஆம்பளைக்கும் கெட்ட கட்டி வரும். அபூர்வம், ஆனா வரும். படம் எடுக்கணும், ஊசி வச்சுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும்."

அன்று ராத்திரியே மஸ்கட்டுக்குச் செண்பகம்தான் விஷயத்தைச் சொன்னாள். "எப்பா" என்று ஆரம்பித்தான். பேச்சித்தாய் போனைப் பிடுங்கினாள்.

"ஏலே, இனிமே நீ போனப் பாத்து ஒருத்தரையும் அறுக்கக் கூடாது. திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு வரலன்னு சொல்லிரு."

ஜூலை 9, புதன்

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், சைலப்பன் பேனாவைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறார். கெட்டது இல்லை. படமும் ஊசியும் ஒன்றையே சொன்னதாம். மாத்திரை செய்த வேலை. வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கட்டி மெதுவாகச் சுருங்குமாம்.

படம் எடுத்தது சனிக்கிழமை. பேச்சித்தாய் போய் வந்த அதே இடம். வரிசையாகப் பெண்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, காலேஜ் பிள்ளை ஒருத்தி, மற்றவர்கள் நடுவயசு. அத்தனை பேர் கையிலும் போன். நான் போய் உட்கார்ந்ததும், வீட்டுக்காரிக்குத் துணையாக வந்திருக்கிறான் கிழவன் என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பேச்சித்தாய் ஆஸ்பத்திரியில் என் கட்டிலை விட்டு நகராமல் எல்லாம் பார்த்தாளே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றும் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "வெள்ளப்பாண்டியம்மா! வெள்ளப்பாண்டியம்மா யாரு?" என்று கத்தினாள்.

எழுந்தேன். வரிசை முழுக்கப் போனை விட்டுத் தலை நிமிர்ந்தது. அந்தக் காலேஜ் பிள்ளை பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கிசுகிசுத்தாள். சந்தை மொத்தமும் அந்த வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்குத்தான்" என்றாள் பேச்சித்தாய், எல்லாருக்கும் கேட்கும்படி. "என்ன பாக்கிய? ஆம்பளைக்கும் மாரு இருக்கு, அதுலயும் நோவு வரும். போங்க உள்ள."

போனேன். மெஷினில் நின்ற பெண் பிள்ளைக்கு என்னை வைத்துப் பெரும்பாடு. "பிடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே தாத்தா" என்று இழுத்து இழுத்து வைத்தாள். பலகை சில்லென்றுதான் இருந்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

வெளியே வந்து பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கையில் கைக்குழந்தைக்காரி என்னிடம் வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. அவள் கையிலிருந்த போனில் கறுப்புச் சட்டை வைத்தியர் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, உள்ள என்ன செய்வாங்க? ரொம்ப வலிக்குமா? இதுல என்னென்னமோ சொல்லுதாங்க."

இதில் சொன்னது அத்தனையும் என்னிடம் இருக்கிறது. ஆமணக்கெண்ணெய் முதல் ஐந்து அறிகுறியில் மூன்று வரை, ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் வாயில் ஒன்றும் வரவில்லை.

"அவருகிட்ட கேக்காத தாயி" என்றாள் பேச்சித்தாய். "அவரு வாயத் தொறந்து ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. பிள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டு இங்கன உக்காரு, நான் சொல்லுதேன்."

நான் எழுந்து அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டேன்.